மேடு பார்த்துப் போய், மூடுபனிக்கு முன் திரும்புவது: கொடைக்கானலில் ஒரு நாள் வேலை, ஒரு சைக்கிள், ஒரு பழைய டிவி

சமவெளியில் இருப்பவர்கள் கடைத்தெரு வேலைகளைத் தூரத்தை வைத்து வரிசைப்படுத்துவார்கள். கொடைக்கானலில் அந்தக் கணக்கு செல்லாது. அப்சர்வேட்டரி சாலைப் பக்கம் மேட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஏழு ரோடு சந்திப்பு சுமார் மூன்று கிலோமீட்டர். சைக்கிளில் போகப் பதினைந்து நிமிடம் ஆகும். கேரியரில் பத்து கிலோ அரிசியோடு திரும்பி வர ஐம்பது நிமிடம் ஆகும். அதே சாலை, அதே சைக்கிள், அதே கால்.

இந்த வழிகாட்டி ஒரு முழு நாளுக்கானது. மின்கட்டணம், தபால், மருந்து, காய்கறி, ரேஷன் எல்லாவற்றையும் ஒரே சுற்றில் சைக்கிளிலேயே முடிக்க வேண்டும். இரண்டு நாள் முன்பே பரணிலிருந்து இறக்கிக் காயவைத்த படக்குழாய் டிவிக்கு வேண்டிய சாமான்களையும் அதே சுற்றில் வாங்கி வந்து, இருட்டுவதற்குள் அதில் படம் வரவைக்க வேண்டும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் ஐப்பசி மாதத்தில் இங்கே ஒரு வாரம் தங்கிப் பார்க்கட்டும். நான்கு மணிக்கு மேல் ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இருக்காது. எங்கள் வீட்டில் அம்மாவுக்கு எண்பது வயது. புதிய டிவியின் ரிமோட்டைக் கையில் எடுத்தாலே அவருக்குக் கோபம் வருகிறது. பழைய டிவியை மறுபடி இறக்கச் சொன்னவர் அவர்தான்.

முதல் நாள் இரவு: மேட்டின்படி பட்டியல்

ஒரு தாளை நெடுக்காக மடியுங்கள். இடப்பக்கம் எடையில்லாத வேலைகளை எழுதுங்கள்: மின்கட்டணம், வங்கி, தபால், மருந்து. வலப்பக்கம் எடையுள்ளவை: காய்கறி, மளிகை, ரேஷன். ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த இடம் உங்கள் வீட்டுக்கு மேடா பள்ளமா என்று குறித்துக்கொள்ளுங்கள். எடையில்லாத வேலைகளை வீட்டிலிருந்து மிகத் தள்ளியிருக்கும் முனையில் தொடங்கி முடித்துக்கொண்டே வர வேண்டும். எடையுள்ளவற்றை வீட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் வாங்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில், கடைசியாக வாங்க வேண்டும். நாயுடுபுரத்திலோ மூஞ்சிக்கல்லிலோ குடியிருப்பவர்களுக்கு மேடும் பள்ளமும் வேறு மாதிரி விழும். வரிசை மாறலாம், விதி மாறாது.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். கேரட் கிலோவுக்கு ஐந்து ரூபாய் மலிவு என்று கீழே கடைத்தெருவில் ஏழு கிலோ காய் வாங்கி, மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தேன். மிச்சமான முப்பத்தைந்து ரூபாய் வழியில் இரண்டு டீக்கும் ஒரு பன்னுக்கும் சரியாகப் போய்விட்டது.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் அதிகம் யோசிக்க வேண்டாம். செவ்வாய், புதன் போன்ற வேலை நாளாக இருக்கட்டும். ஞாயிறு சந்தை நாள். காய் நன்றாக இருக்கும், ஆனால் அலுவலகம் எதுவும் திறந்திருக்காது. வாரக் கடைசியிலும் ஏப்ரல், மே சீசனிலும் ஏரிச் சாலை வெளியூர் வண்டிகளுக்குச் சொந்தம். 2024 மே 7 முதல் அவற்றுக்கு இ-பாஸ் கட்டாயம்தான். ஆனால் சீசன் ஞாயிற்றுக்கிழமையில் ஏரிச் சாலையைக் கடக்க நிற்கும் சைக்கிள்காரனுக்கு அதனால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

நேரம்தான் முக்கியம். காலையில் வானம் கழுவி விட்டதுபோல் இருக்கும். அதை நம்பி மதியத்துக்கு மேல் ஒரு வேலையையும் வைக்காதீர்கள். வெயில் ஏறஏறப் பள்ளத்தாக்கிலிருந்து ஈரக்காற்று மேலே கிளம்பும். மலைச்சரிவில் ஏறும்போதே குளிர்ந்து மதியத்துக்கு மேல் மூடுபனியாக ஊருக்குள் வரும். இரண்டரை மணிக்கு வீட்டு வாசலில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி நேரத்தைப் பிரியுங்கள். அலுவலகங்கள் பத்து மணிக்குத் திறக்கும் என்றால், ஒன்பதேகாலுக்குக் கிளம்பினால் போதும்.

கிளம்புவதற்கு முன் டிவியின் முதுகைப் பாருங்கள்

இது சின்ன வேலை, ஆனால் இதைச் செய்யாமல் போனால் மறுநாளும் மலை ஏறி இறங்க வேண்டியிருக்கும். டிவியைத் திருப்பி, பின்பக்கம் என்னென்ன ஓட்டைகள் இருக்கின்றன என்று பாருங்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு வட்டங்கள் இருந்தால் நல்ல காலம். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு. ஒற்றை ஸ்பீக்கர் டிவியாக இருந்தால் மஞ்சளும் வெள்ளையும் மட்டும் இருக்கும், அதுவும் போதும். வட்டம் எதுவுமில்லாமல் ஆன்டெனா ஒயர் சொருகும் ஒரே ஓட்டை மட்டும் இருந்தால், செட்-டாப் பாக்ஸிலிருந்து வரும் படத்தையும் ஒலியையும் அந்த ஓட்டை வழியே அனுப்ப, இடையில் மாடுலேட்டர் என்ற ஒரு சிறு பெட்டி வாங்க வேண்டும். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் வார்த்தையால் விளக்குவதைவிடப் படத்தைக் காட்டுவது விரைவாக வேலையாகும்.

சைக்கிள்

எங்கள் தாத்தா காலத்துக் கறுப்புச் சைக்கிள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அது கீழே சமவெளியில் இருக்கும் வத்தலக்குண்டுக்கு ஏற்றது. இருபத்தெட்டு அங்குலச் சக்கரம், முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால், பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நகரும். சமதளத்தில் அருமை. மேட்டிலோ அந்த ஐந்தரை மீட்டரையும் ஒரே மிதியில் தூக்க வேண்டும். கியர் சைக்கிளில் முன்னால் 28, பின்னால் 32 பல் போட்டால், ஒரு சுற்றுக்கு 1.8 மீட்டர்தான் நகரும். மூன்று மடங்கு அதிகமாகச் சுற்ற வேண்டும், ஆனால் மூன்றில் ஒரு பங்கு பலம் போதும். வாங்கும்போது கியர் மொத்தம் எத்தனை என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்வார். பின்சக்கரத்தின் மிகப் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். முப்பதுக்குக் கீழே இருந்தால் இந்த ஊருக்கு யோசிக்க வேண்டும்.

கீழேயிருந்து புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊர் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். முதல் சில நாள் இரைப்பதை வயதின் மீது போடாதீர்கள். சமவெளியில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பெருமாள்மலை தாண்டும்போது தலையணைபோல் உப்புகிறதே, அதுவும் இதுவும் ஒன்றுதான்.

ஏரியைச் சுற்றி வாடகைக்குக் கிடைக்கும் சைக்கிள்கள் ஏரியைச் சுற்ற மட்டுமே. கேரியர் இருக்காது, பிரேக் எப்படி இருக்கும் என்பது அன்றைய அதிர்ஷ்டம். அவற்றை ஊர் வேலைக்கு எடுக்காதீர்கள்.

பிரேக்கைச் சோதிக்க மெக்கானிக் தேவையில்லை. பிரேக் பிடியை முழுதாக அழுத்துங்கள். அது கைப்பிடியைத் தொட்டால் கேபிளை இறுக்க வேண்டும். பிரேக் கட்டையில் வெட்டியிருக்கும் பள்ளக்கோடுகள் தேய்ந்து மழமழவென்று இருந்தால் கட்டையை மாற்றுங்கள். கேபிள் நுனியில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் மாற்றுங்கள். ஓர் இழை அறுந்தால் மற்றவை வரிசையில் நிற்கின்றன என்று பொருள்.

பின்பக்கக் கேரியர் உறுதியானதாக இருக்கட்டும். கட்டுவதற்குக் கடையில் விற்கும் கொக்கிக் கயிற்றைவிடப் பழைய சைக்கிள் ட்யூப் மேல். நீளவாக்கில் இரண்டு விரல் அகலத்தில் வெட்டிக்கொண்டால், ஈரத்திலும் வழுக்காது, கொக்கி தெறித்துக் கண்ணில் படாது. மழைக்கு ஒரு சுத்தமான உரச்சாக்கு. நான் பார்த்த எந்த ரெயின் கவரும் அதற்கு ஈடில்லை.

இறங்கும்போது

வேகத்தைக் குறைக்கப் பிரேக் பிடிப்பவர்கள் எப்போதும் ஒரு நொடி தாமதமாகத்தான் பிடிப்பார்கள். இங்கே வேகம் பிறக்காமல் இருக்கப் பிடிக்க வேண்டும். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு இறங்குங்கள். ஒரேயடியாக அழுத்திக்கொண்டே போனால் சக்கர விளிம்பு சூடாகி, கட்டையும் தேயும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் பிரேக்கைத் தொடாதீர்கள்.

ஈரமான விளிம்பில் முதல் சில சுற்றுக்குப் பிரேக் பிடிக்கவே பிடிக்காது. கட்டை முதலில் தண்ணீரைத் துடைக்கிறது. அதற்குப் பிறகுதான் கவ்வுகிறது. அதனால் தூறலில் இறங்கும்போது தேவை இல்லாவிட்டாலும் அவ்வப்போது இலேசாக அழுத்தித் துடைத்துக்கொண்டே இருங்கள்.

தண்ணீரைவிட மோசமானது இலை. தைலமரத்து இலையும் பைன் ஊசியும் நனைந்து சாலையோரத்தில் படிந்திருக்கும் இடத்தில் எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் நிற்பதுபோல்தான். நான் விழுந்தது அப்படி ஒரு வளைவில், மிக மெதுவாக, ஏறக்குறைய நின்றுகொண்டிருக்கும்போது. முழங்கையில் தோல் போனது. பையில் இருந்த ஒரு டஜன் முட்டையில் ஒன்று பிழைத்தது.

ஏரியை அடைந்ததும் மூச்சு விடலாம். சுமார் ஐந்து கிலோமீட்டர் சுற்றளவுள்ள ஏரிச் சாலைதான் இந்த ஊரில் சைக்கிளுக்குக் கிடைத்த ஒரே சமதளம். மதுரை கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஓடையை மறித்து ஏரி கட்டியதன் புண்ணியம். ஏரியிலிருந்து ஏழு ரோட்டுக்கு மறுபடி ஒரு மேடு உண்டு. அங்கே சிறிய கியரை மேடு தொடங்குவதற்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். பாதி மேட்டில், பலம் கொடுத்து மிதிக்கும்போது மாற்றினால் செயின் நறநறவென்று கத்தும், சில சமயம் கழன்றும் போகும்.

ஊருக்குள்

இந்தப் பகுதி சீக்கிரம் முடிந்துவிடும். சரிவில் சைக்கிளை நிறுத்தும்போது முன்சக்கரத்தை மேட்டுப் பக்கம் திருப்பி, பின்சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள். சைடு ஸ்டாண்டை மட்டும் நம்பிப் போனால், திரும்பி வரும்போது சைக்கிள் வேறொருவர் வண்டி மீது சாய்ந்திருக்கும்.

மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. செல்போனிலேயே கட்டிவிடலாம், நானும் கட்டியிருக்கிறேன். அம்மாவுக்கு மட்டும் அச்சடித்த ரசீது கையில் இருக்க வேண்டும். தபால் அலுவலகத்தில் பதிவுத் தபால் என்று கேட்டுக் குழம்பாதீர்கள். 2025இல் அது விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது.

பையைக் கைப்பிடியில் தொங்கவிட்டுக் கவுண்டருக்குள் போகாதீர்கள். குரங்குகளுக்கு ரொட்டிப் பாக்கெட்டும் ரத்த அழுத்த மாத்திரையும் ஒன்றுதான். கண்ணெதிரே பட்டையைப் பிரித்து, ஒவ்வொரு மாத்திரையாகக் கடித்துத் துப்பிய குரங்கைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மருந்துக் கடைக்காரர் இரண்டாவது முறை சீட்டைக் கேட்காமலே கொடுத்தார்.

டிவிக்கு என்ன வாங்குவது

இங்கே கொஞ்சம் பழைய கதை தேவைப்படுகிறது. இல்லையென்றால் ஆன்டெனாவை வாங்கி ஏமாந்துவிடுவீர்கள்.

தமிழ்நாட்டில் தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று, சென்னையில். தென் மாவட்டங்கள் அதன் எல்லைக்கு வெளியே இருந்தன. 1982இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியபோது, தெற்கே கடலோரத்து ஊர்களில் மூங்கில் கம்பத்திலும் இரும்புக் குழாயிலும் ஆன்டெனாவைக் கட்டி, கடலைத் தாண்டி வரும் படத்தைப் பிடித்துப் பார்த்தார்கள். கொடைக்கானல் மலையில் உயர்சக்தி ஒளிபரப்பு நிலையம் வந்த பிறகுதான் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்து மொட்டைமாடிகளில் இருந்த ஆன்டெனாக்கள் எல்லாம் எங்கள் ஊரைப் பார்த்துத் திரும்பின. மலை உயரமாக இருந்ததால் கோபுரத்திலிருந்து தடையில்லாமல் வெகுதூரம் போனது அலை.

கீழே இருந்த உறவினர்கள் எங்களைப் பொறாமையோடு பார்த்தார்கள், கோபுரமே உங்கள் ஊரில் அல்லவா என்று. உண்மை வேறு. நேராக வரும் அலையோடு, எதிர்மலையில் பட்டுத் தாமதமாகத் திரும்பும் அலையும் சேர்ந்து, ஒவ்வொரு முகத்துக்கும் வலப்பக்கம் ஒரு நிழல் முகம் தெரியும். வெள்ளிக்கிழமை மாலை 'ஒளியும் ஒலியும்' என்ற திரைப்பாட்டு நிகழ்ச்சி நேரத்தில் மாமா கூரை மேல் ஏறி ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் வாசலில் நின்று உள்ளே இருப்பவர்கள் சொல்வதை அவருக்குக் கத்திச் சொல்ல வேண்டும். "நில்லுங்கள் மாமா, அப்படியே நில்லுங்கள்!" என்றால் அவர் அப்படியே நின்றுவிடுவார். அவர் கையை எடுத்தால் நிழல் திரும்பி வந்துவிடும். பல வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் பாட்டு பார்த்தோம், மாமா பனியைப் பார்த்தார்.

அந்த ஆன்டெனா இன்றைக்கு உதவாது. நாடு முழுக்கத் தூர்தர்ஷனின் பழைய தரைவழி அனலாக் ஒளிபரப்பு 2022க்குள் பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டது. கூரையில் இருப்பது இனிமேல் காக்கைக்குத்தான். இன்றைக்கு வழி, செயற்கைக்கோள் வழியாக வரும் தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ். மாதச் சந்தா கிடையாது. கருவிகளை ஒருமுறை வாங்கினால் போதும். பொதிகை என்று நாம் அறிந்திருந்த சேனல் 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆனது. அதுவும் இதில் வருகிறது.

வாங்க வேண்டியவை: ஒரு சிறிய டிஷ், டிஷ் குவிக்கும் சிக்னலைப் பிடிக்க அதன் முன்னால் மாட்டும் எல்என்பி என்ற சிறு கருவி, செட்-டாப் பாக்ஸ், கோ-ஆக்சியல் ஒயர், அதன் நுனியில் திருகும் எஃப் கனெக்டர்கள் நான்கு (இரண்டு போதும்; ஆனால் குளிரில் விறைத்த விரலால் இரண்டைக் கெடுப்பீர்கள்). பாக்ஸ் வாங்கும்போது ஒன்றே ஒன்றை உறுதிசெய்யுங்கள்: படமும் ஒலியும் வெளியே வரும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டைகள் (ஏவி அவுட்) அதில் இருக்க வேண்டும். புதிய டிவிகளுக்கான எச்டிஎம்ஐ ஓட்டை மட்டும் உள்ள பாக்ஸும் விற்கிறார்கள். அதை வாங்கிவிட்டால் அதை ஏவியாக மாற்ற இன்னொரு பெட்டி வாங்க வேண்டிவரும். கடையிலேயே பெட்டியைத் திறந்து பின்பக்கத்தைப் பாருங்கள். போன முறை நான் பார்க்கவில்லை. மூன்று கிலோமீட்டர் ஏறிய பிறகு பார்த்தேன்.

டிஷ் காற்றில் பாய்மரம்போல் வேலை செய்யும். அதைச் சைக்கிளில் நிமிர்த்திக் கட்டாதீர்கள். கேரியரில் கிண்ணத்தைக் கவிழ்த்ததுபோல் படுக்கவைத்து, அதன் உள்ளே எல்என்பியையும் ஒயர்ச் சுருளையும் வைத்து, ட்யூப் பட்டையால் குறுக்கும் நெடுக்குமாக இறுக்குங்கள்.

டிவியைச் சைக்கிளில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 21 அங்குலப் படக்குழாய் டிவி இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். அதில் பெரும்பகுதி முன்பக்கக் கண்ணாடியில். கேரியரில் வைத்தால் எப்போதும் ஒரு பக்கமாகவே சாயும். மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்து வருவதுதான் மலிவு.

ஏறும்போது

ரேஷன் கடையை இப்போது பாருங்கள், வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால். ஸ்மார்ட் கார்டோடு கைரேகையும் வைக்க வேண்டும். பனியில் விறைத்த விரலை இயந்திரம் ஏற்காமல் அடம்பிடிக்கும். உள்ளங்கையில் ஊதித் தேய்த்துவிட்டு வைத்துப் பாருங்கள்.

அரிசியை ஒரே மூட்டையாக மேலே ஏற்றாதீர்கள். இரண்டு பையாகப் பிரித்துக் கேரியரின் இரு பக்கமும் தாழ்வாகத் தொங்கவிடுங்கள். எடை எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு வண்டி ஆடாது. சமையல் எரிவாயு சிலிண்டரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சரிவில் சைக்கிளில் ஏற்றாதீர்கள். உள்ளே 14.2 கிலோ வாயு, வெளியே ஏறக்குறைய அதே எடைக்கு இரும்பு; பாதி மேட்டில் கால் வழுக்கினால் அது உங்களோடு நிற்காது.

இறங்கித் தள்ளுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நானே கடைசி அரைக் கிலோமீட்டர் எப்போதும் தள்ளிக்கொண்டுதான் வருகிறேன். சாலையின் மலைப்பக்க ஓரமாக, வண்டியை உங்களுக்கும் போக்குவரத்துக்கும் நடுவே வைத்துத் தள்ளுங்கள்.

நேரம் தப்பி மூடுபனியில் மாட்டிக்கொண்டால், முன்னால் வெள்ளை விளக்கையும் பின்னால் சிவப்பு விளக்கையும் பட்டப்பகலிலேயே எரியவிடுங்கள். நமக்கு வழி தெரிவதற்காக அன்று. பின்னால் வரும் ஜீப்புக்கு நாம் தெரிவதற்காக.

காட்டுமாடு குறித்து வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஆயிரம் கிலோவைத் தொடக்கூடிய மிருகம், மாலையில் வீட்டு வேலியோரம் மேய்ந்துகொண்டு சாதாரணமாகத் தெருவைக் கடக்கும். பனியில் முதலில் தெரிவது அதன் கால்கள்தான். முட்டிக்குக் கீழே வெள்ளை வெளேரென்று, வேட்டி கட்டிய யாரோ நிற்பதுபோல் இருக்கும். அன்றைக்கு எனக்கு அப்படித்தான் தெரிந்தது. வழிவிடச் சொல்ல மணியடிக்கப் போனேன். அப்போது மூச்சுச் சத்தம் கேட்டது, மனிதர்களுக்கு வராத அளவில். மணியை விட்டு விரலை எடுத்து, சைக்கிளைத் திருப்பாமல், பின்னோக்கியே நகர்ந்தேன். நீங்களும் அதையே செய்யுங்கள்: மணி வேண்டாம், விளக்கை முகத்தில் அடிக்க வேண்டாம், கடந்துவிடலாம் என்ற துணிச்சல் வேண்டாம். அது போகும்வரை நில்லுங்கள். அன்று எனக்கு இருபது நிமிடம் ஆனது.

டிவியை எழுப்புவது

பரணிலிருந்து இறக்கிய டிவியை உடனே போடாதீர்கள். இந்த ஊர் ஈரம் பெட்டிக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கும். வெயில் படும் உலர்ந்த அறையில் முதுகுப்பக்கத் துளைகளில் காற்றோட்டம் இருக்கும்படி இரண்டு நாளாவது வையுங்கள். குளிர்ந்த அறையிலிருந்து கதகதப்பான அறைக்கு மாற்றினாலும் சில மணிநேரம் விடுங்கள். கண்ணாடித் தம்ளரின் வெளியே வியர்ப்பதுபோல் உள்ளேயும் வியர்த்திருக்கும்.

பின்மூடியை நீங்கள் திறக்கக் கூடாது. கலர் டிவியின் படக்குழாயில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது குழாயிலேயே தங்கியிருக்கக்கூடும். எங்கள் வீட்டுக்கு வந்த மெக்கானிக் அண்ணன் மூடியைக் கழற்றிவிட்டு, ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மறு கையில் ஒயர் கட்டிய நீண்ட ஸ்க்ரூடிரைவரைக் குழாயின் தோளில் ஒட்டியிருந்த ரப்பர் மூடிக்கு அடியில் மெல்லச் செருகினார். "டப்" என்று ஒரு சத்தம்.  ஒரு கை ஏன் பைக்குள் என்று கேட்டேன். இரண்டு கையும் வெளியே இருந்தால் கரண்ட் ஒன்றில் ஏறி மற்றதில் இறங்கும், நடுவில் நெஞ்சு இருக்கிறது என்றார். பிறகு பழைய பல் பிரஷை ஸ்பிரிட்டில் தோய்த்து, அந்த ரப்பர் மூடியைச் சுற்றிப் படிந்திருந்த கறுப்புத் தூசியைத் துடைத்தார். தூசியும் ஈரமும் சேர்ந்தால் அந்த இடத்தில்தான் மின்சாரம் கசியும் என்றார்.

முதல் முறை போடும்போது காதைக் கூர்மையாக வைத்துக்கொள்ளுங்கள். கலர் டிவியில் தொடக்கத்தில் ஒரு "தம்" வரும். அது திரையின் காந்தத்தை அழிக்கும் சுருளின் சத்தம், நல்ல சகுனம். தொடர்ந்து "டிக், டிக்" என்றோ எண்ணெய் பொரிவதுபோலவோ கேட்டாலும், மின்னல் அடித்த பிறகு வருவதுபோல் ஒரு வாடை வந்தாலும் உடனே அணைத்துவிடுங்கள். இன்னும் காயவில்லை. எங்கள் பக்கம் வோல்டேஜ் ஊஞ்சலாடும் என்பதால் ஸ்டெபிலைசர் வழியாகத்தான் இணைக்கிறேன்.

இனி டிஷ். ஃப்ரீ டிஷ் வருவது கிழக்கே 93.5 பாகையில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. கொடைக்கானலிலிருந்து அது தென்கிழக்கில், கிழக்கை ஒட்டி, வடக்கிலிருந்து வலமாக எண்ணினால் ஏறக்குறைய 122 பாகையில் இருக்கிறது. உயரம் கிட்டத்தட்ட 68 பாகை; தலைக்கு மேலே என்றே சொல்லலாம். ஆனால் டிஷ் அவ்வளவு நிமிர்ந்து பார்க்காது. எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பதால், கிண்ணத்தின் முகம் உண்மையான திசையைவிடச் சுமார் 25 பாகை தாழ்ந்தே தெரியும். வானத்தைப் பார்த்துத் திருப்பிவிட்டுச் சிக்னல் வரவில்லை என்று புலம்புபவர்கள் எல்லாரும் தவறுவது இங்கேதான். டிஷ்ஷைத் தாங்கும் சட்டத்தில் குறித்திருக்கும் பாகை அளவை வைத்து உயரத்தை முதலில் பூட்டிவிட்டு, பிறகு இடம் வலமாக மட்டும் விரல் விரலாக நகர்த்துங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பிறகு ஐந்து விநாடி பொறுங்கள். பாக்ஸுக்குப் புரிய நேரம் வேண்டும். திரையில் சிக்னல் தரம் ஏறும் இடத்தில் திருகை இறுக்குங்கள். கூரை மேல் ஒருவர், வாசலில் ஒருவர் என்று கத்திக்கொண்டுதான் இன்றைக்கும் செய்ய வேண்டியிருக்கிறது. இந்த முறை கூரை மேல் நான்.

மூடுபனிக்குப் பயப்பட வேண்டாம். இந்த அலைவரிசையை அது ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. கனமழை வேறு விஷயம். படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிடும். மழை விட்டதும் தானே வரும், திருகைத் தொடாதீர்கள்.

கடைசியாகப் பாக்ஸின் அமைப்பில் இரண்டு இடத்தை மாற்றுங்கள். வீடியோ முறை, நம் நாட்டு டிவிகளுக்கான 'பால்' (PAL) என்று இருக்க வேண்டும். அமெரிக்க முறையான என்டிஎஸ்சி (NTSC) என்று இருந்தால் படம் உருளும், அல்லது கறுப்பு வெள்ளையாக வரும். திரை விகிதம் 4:3 என்று இருக்கட்டும். டிவியை ஏவி நிலைக்கு மாற்றுங்கள். ஆன்டெனா ஓட்டை மட்டும் உள்ள டிவி என்றால், மாடுலேட்டரைப் போட்டுவிட்டு டிவியில் சேனலைத் தேடவிடுங்கள். புள்ளிமழை நடுவில் ஒரு இடத்தில் படம் நிற்கும், அதைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் படம் வந்தபோது மணி ஐந்தேமுக்கால். அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். முகத்துக்குப் பக்கத்தில் நிழல் முகம் இல்லை என்று முதலில் கவனித்தவரும் அவர்தான்.

இடி கேட்டால் மட்டும் தயங்காதீர்கள். அணைப்பது போதாது, சுவரிலிருந்து பிளக்கையும், பாக்ஸிலிருந்து டிஷ் ஒயரையும் பிடுங்க வேண்டும். அன்றைக்கு ஏழு மணிக்குப் பெருமாள்மலைப் பக்கம் முதல் இடி விழுந்தது. இன்னும் இரண்டு நிமிடம் என்றார் அம்மா. நான் பிடுங்கிவிட்டேன். திரையின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி சுருங்கிச் சுருங்கி நின்றது. அது முழுதாக மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.